ஆர்-லூப்தான் ஜீனோமை உடைக்கிறதா? செல்லில் சோதித்து உறுதிசெய்வது எப்படி

ஒரு நைலான் சவ்வில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொட்டுகள். இடப்பக்கம் கன்னங்கரேல் என்று ஒன்று. வலப்பக்கம், வைத்த இடமே தெரியவில்லை. இரண்டிலும் இருப்பது ஒரே தட்டில் வளர்ந்த செல்களின் டிஎன்ஏ. அளவும் ஒன்றுதான். வலப்பக்கத்து மாதிரியில் மட்டும் முந்தின நாள் ராத்திரி ஆர்என்ஏஸ் எச் என்ற நொதியைச் சேர்த்து வைத்திருந்தேன். ஆர்என்ஏவும் டிஎன்ஏவும் ஜோடி சேர்ந்திருக்கும் இடத்தில் ஆர்என்ஏவை மட்டும் வெட்டுகிற நொதி அது.

"ஆர்-லூப் கூடியிருக்கிறது" என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் கேட்பது அந்த வலப்பக்கத்துப் பொட்டைத்தான். ஆர்-லூப் என்பது ஆர்என்ஏ டிஎன்ஏவோடு ஜோடி சேர்ந்து ஒட்டி நிற்கும் அமைப்பு. பொட்டின் கறுப்பு அந்த ஜோடியைக் காட்டுகிறது. பதினோரு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லிப் பழகியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பெரும்பாலானவர்கள் கொண்டுவரும் வாதம் இப்படி இருக்கும்: ஒரு மரபணுவை முடக்கினேன், ஆர்-லூப் கூடியது, டிஎன்ஏ உடைந்தது, ஆகவே ஆர்-லூப்தான் உடைத்தது. இந்த ஒரே வாக்கியத்தில் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ஆர்-லூப் உண்மையிலேயே கூடியதா? டிஎன்ஏ உண்மையிலேயே உடைந்ததா? முதலாவதால்தான் இரண்டாவது நடந்ததா? மூன்றுக்கும் தனித்தனிச் சோதனை வேண்டும். நோட்டில் மூன்று பக்கம் ஒதுக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

எதைத் தேடுகிறோம்

ஆர்என்ஏ பாலிமரேஸ் டிஎன்ஏவின் இரண்டு இழைகளைக் கொஞ்சம் விரித்து, ஒன்றைப் படித்து ஆர்என்ஏ செய்துகொண்டே நகர்கிறது. அந்த நொதியின் வயிற்றுக்குள் எட்டு ஒன்பது எழுத்து நீளத்துக்குப் புது ஆர்என்ஏ டிஎன்ஏவோடு ஒட்டித்தான் இருக்கும். அது இயல்பு, அதை யாரும் ஆர்-லூப் என்று சொல்வதில்லை. அதற்குப் பிறகு ஆர்என்ஏ பிரிந்து வெளியே போய்விட வேண்டும். சில இடங்களில் அது போகாமல், பாலிமரேஸுக்குப் பின்னாலேயே திரும்பி வந்து தன் டிஎன்ஏ இழையோடு மறுபடி இணைந்துகொள்கிறது. ஜோடியைப் பறிகொடுத்த மற்ற டிஎன்ஏ இழை தனியாகப் புடைத்து நிற்கிறது. ஆர்என்ஏவும் டிஎன்ஏவும் சேர்ந்த கலப்பு ஜோடி, அதோடு தனித்து நிற்கும் ஓர் இழை: இந்த மூன்றிழை அமைப்புதான் ஆர்-லூப். நூறு எழுத்திலிருந்து ஆயிரம், இரண்டாயிரம் எழுத்துவரை நீளக்கூடியது.

எங்கே வேண்டுமானாலும் இது உருவாகிவிடாது. புது ஆர்என்ஏவில் குவானின் அதிகமாகவும், அது பற்றும் டிஎன்ஏ இழையில் சைட்டோசின் அதிகமாகவும் இருந்தால், அந்தக் கலப்பு ஜோடி சாதாரண டிஎன்ஏ ஜோடியைவிட உறுதியாக நிற்கும். மனிதச் செல்களில் பல மரபணுக்களின் தொடக்கத்தில் உள்ள சிபிஜி தீவுகள் (சைட்டோசினும் குவானினும் அடுத்தடுத்து நிறைய வரும் பகுதிகள்) இப்படிப்பட்டவை. இன்னொரு காரணம் முறுக்கு. பாலிமரேஸ் ஓடும்போது அதற்கு முன்னால் டிஎன்ஏ இறுகும், பின்னால் தளரும். தளர்ந்த இடத்தில் ஆர்என்ஏ நுழைவது சுலபம். டோபோஐசோமரேஸ் 1 என்ற நொதி அந்தத் தளர்வைச் சரிசெய்கிறது. மூன்றாவது காரணம், ஆர்என்ஏவின் மேல் உடனுக்குடன் போய் உட்கார வேண்டிய புரதங்கள். ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் புரதங்களும், செல்லின் கருவுக்கு (நியூக்ளியஸுக்கு) வெளியே அனுப்பத் தயார்செய்யும் புரதங்களும் தாமதித்தால் ஆர்என்ஏ வெறுமையாகத் திரிகிறது. வெறுமையான ஆர்என்ஏ டிஎன்ஏவைத் தேடிப் போகிறது.

சோதனைக் குழாயில் ஆர்-லூப்பைச் செய்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தது 1976-இல். அடுத்த ஆண்டே அதே உத்தியை வைத்துத்தான் மரபணுக்கள் துண்டு துண்டாக இருக்கின்றன என்பதைக் கண்டுபிடித்தார்கள். பிலிப் ஷார்ப்பும் ரிச்சர்ட் ராபர்ட்ஸும் அதற்காக 1993-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆர்-லூப்பால் ஜீனோமுக்கு ஆபத்து என்ற எண்ணம் வலுத்தது பின்னாளில்தான். 2003-இல் ஈஸ்டில், ஆர்என்ஏவைப் பொதிந்து அனுப்பும் தோ என்ற புரதத் தொகுதி பழுதானால் ஆர்-லூப் தங்குவதையும் டிஎன்ஏ தாறுமாறாக மறுசேர்க்கை ஆவதையும் காட்டினார்கள். 2005-இல், எஸ்ஆர்எஸ்எஃப்1 என்ற வெட்டி ஒட்டும் காரணியை இழந்த முதுகெலும்பி செல்களிலும் இதே போன்ற கதை தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு ஆர்-லூப் என்றாலே தீமை என்று நினைக்க வேண்டாம். பி செல்கள் தங்கள் எதிர்ப்பொருளின் வகையை மாற்றும்போது டிஎன்ஏவில் வேண்டுமென்றே ஆர்-லூப் உருவாகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ இரட்டிப்பைத் தொடங்க ஆர்என்ஏ–டிஎன்ஏ கலப்பு ஜோடி தேவை. ஆரோக்கியமான மனிதச் செல்லிலேயே ஜீனோமில் ஏறக்குறைய 5% இடத்தில் ஆர்-லூப் உருவாக முடியும் என்று வரைபடங்கள் காட்டுகின்றன. ஆகவே "ஆர்-லூப் இருக்கிறது" என்பது செய்தியே இல்லை. வழக்கத்தைவிடக் கூடியதா, கலைய வேண்டிய நேரத்தில் கலையாமல் நின்றதா, நிற்கக் கூடாத இடத்தில் நின்றதா என்பதுதான் கேள்வி.

நின்றால் சேதம் மூன்று வழியில் வரும். தனித்து நிற்கும் இழையில் சைட்டோசினை யூராசிலாக மாற்றும் நொதிகள் கைவைக்கும். எக்ஸ்பிஜி, எக்ஸ்பிஎஃப் போன்ற வெட்டும் நொதிகள் ஆர்-லூப்பின் ஓரங்களை நறுக்கும். மூன்றாவதுதான் பெரியது: டிஎன்ஏவை இரட்டிக்க வரும் கவை, அதாவது இரண்டு இழைகளும் பிரிந்து நகலாகிக்கொண்டே நகரும் முனை, ஆர்-லூப்பில் வந்து முட்டும். இதில் திசை முக்கியம். பாலிமரேஸும் கவையும் நேருக்கு நேர் வந்தால் ஆர்-லூப் மேலும் கூடுகிறது, ஏடிஆர் என்ற எச்சரிக்கைப் பாதை விழிக்கிறது. இரண்டும் ஒரே திசையில் போனால் கவை பல சமயம் ஆர்-லூப்பைக் கலைத்துவிட்டே போய்விடுகிறது. 2017-இல் மனிதச் செல்களில் செய்து காட்டிய வேலை இது. எனக்கு இன்றும் மிகப் பிடித்த சோதனைகளில் ஒன்று, ஏனென்றால் ஒரே வரிசையை இரண்டு திசையில் வைத்துப் பார்த்தார்கள். வேறு எதையும் மாற்றவில்லை.

டிஎன்ஏவை எடுப்பதில்தான் பாதி வேலை

வழக்கமான டிஎன்ஏ கிட்டை எடுத்தால் முதல் நாளே காரியம் கெட்டுவிடும். பெரும்பாலான கிட்டுகளில் ஆர்என்ஏஸ் ஏ சேர்க்கச் சொல்லியிருக்கும். உப்பு குறைந்த கரைசலில் ஆர்என்ஏஸ் ஏ, கலப்பு ஜோடியில் இருக்கும் ஆர்என்ஏவையும் வெட்டிவிடும். சோடியம் குளோரைடு 0.3 மோலாருக்கு மேல் இருந்தால்தான் அது ஒற்றையிழை ஆர்என்ஏவோடு நிற்கும். தேடிப் போகும் பொருளை நாமே அழித்துவிட்டு, ஆர்-லூப் இல்லை என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் செய்வது இது. ஐம்பது லட்சம் செல்களைக் குளிர்ந்த பிபிஎஸ்ஸில் கழுவி, 1.6 மில்லிலிட்டர் டிஇ கரைசலில் மெதுவாகக் கலப்பேன். 20% எஸ்டிஎஸ் 50 மைக்ரோலிட்டர். மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் உள்ள புரோட்டினேஸ் கே 5 மைக்ரோலிட்டர். ட்யூபை ஐந்தாறு முறை தலைகீழாகத் திருப்பி 37 டிகிரியில் ராத்திரி முழுக்க விடுவேன். வோர்டெக்ஸ் வேண்டாம். எஸ்டிஎஸ் சேர்த்த நொடியிலேயே கரைசல் பாகு போலக் குழைந்துவிடும். அந்தப் பாகுப் பதம்தான் டிஎன்ஏ நீளமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். காலையில் வந்து பார்க்கும்போது தண்ணீர் மாதிரி ஓடினால் எங்கோ அடித்துக் கலக்கிவிட்டீர்கள், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

அப்புறம் பிஎச் 8 உள்ள ஃபீனால், குளோரோஃபார்ம். ஆர்என்ஏ எடுக்க வைத்திருக்கும் அமில ஃபீனாலை அவசரத்தில் கையில் எடுத்துவிடாதீர்கள், இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேல் அடுக்கைப் புதுக் குழாய்க்கு மாற்றி, பத்தில் ஒரு பங்கு 3 மோலார் சோடியம் அசிட்டேட்டும் இரண்டரை மடங்கு எத்தனாலும் விட்டுக் குழாயைக் கிடையாகச் சாய்த்துச் சாய்த்து உருட்டுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு இரண்டு திரவமும் சந்திக்கும் கோட்டில் புகை மாதிரி ஒன்று அசையும். உருட்ட உருட்ட அது நூலாகத் திரண்டு, கடைசியில் ஈரப் பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல வெள்ளையாக மிதக்கும். அதை மையவிலக்கியில் போட்டு அடியில் அழுத்த வேண்டாம். நுனியை வெட்டி அகலமாக்கிய பிப்பெட் முனையால் அப்படியே சுருட்டி எடுத்து, 80% எத்தனாலில் மூன்று முறை முக்கி, காற்றில் ஈரம் போகும்வரை விட்டு டிஇயில் போடுங்கள். முழுக்கக் காய விட்டால் பிறகு கரையவே கரையாது. பனிக்கட்டியின் மேல் ஒரு மணி நேரம் வையுங்கள், பிப்பெட்டால் ஏற்றி இறக்கிக் கரைக்க வேண்டாம்.

துண்டாக்குவதற்கு ஒலி அதிர்வைத் தவிர்த்துவிடுங்கள். தனித்து நிற்கும் இழை அதிர்வில் அறுந்துபோகும், கலப்பு ஜோடியும் நிறையக் கழன்றுவிடும். நான் ஐந்து வெட்டு நொதிகளின் கலவையைப் பயன்படுத்துகிறேன்: ஹிண்ட்3, ஈகோஆர்1, பிஎஸ்ஆர்ஜி1, எக்ஸ்பிஏ1, எஸ்எஸ்பி1. 37 டிகிரியில் ஒரு ராத்திரி. மறுநாள் கொஞ்சத்தை அகரோஸ் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை சீரான தீற்றல் தெரிய வேண்டும். குழியிலேயே பளிச்சென்று ஏதாவது தங்கியிருந்தால் வெட்டு முடியவில்லை.

இரண்டு பொட்டு

வெட்டிய டிஎன்ஏவை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் ஆர்என்ஏஸ் எச் சேருங்கள். இன்னொன்றில் அதே பஃபர், அதே நேரம், நொதி மட்டும் இல்லை. இது கட்டாயம். ஒன்றை 37 டிகிரியிலும் மற்றதைக் குளிர்பெட்டியிலும் வைத்துவிட்டு ஒப்பிடுவது ஒப்பீடே ஆகாது.

சவ்வில் 500, 250, 125 நானோகிராம் என்று பாதி பாதியாகக் குறைத்து வையுங்கள். ஒரே அளவை மட்டும் வைத்தால் பொட்டு நிறைந்துபோய் வித்தியாசம் தெரியாமல் போகலாம். புற ஊதாக் கதிரில் ஒட்டவைத்து, பாலில் அடைத்து, எஸ்9.6 ஆன்டிபாடியில் 4 டிகிரியில் ராத்திரி முழுக்க. எஸ்9.6 பற்றி 1986-இல் வெளியானது முதல் இந்தத் துறை அதையே நம்பியிருக்கிறது. கலப்பு ஜோடியை இறுக்கமாகப் பிடிக்கும், வரிசை எதுவானாலும் பிடிக்கும். ஆனால் இரட்டையிழை ஆர்என்ஏவையும் அது பிடிக்கும். அடினினும் யூராசிலும் நிறைந்த ஆர்என்ஏ ஜோடியில் அதன் பிடிப்பு சுமார் ஐந்து மடங்குதான் குறைவு. செல்லில் ஆர்என்ஏ எவ்வளவு கொட்டிக் கிடக்கிறது என்று யோசித்தால், ஐந்து மடங்கு ஒரு பாதுகாப்பே கிடையாது.

அதனால் மூன்றாவது மாதிரி ஒன்றும் வேண்டும்: ஆர்என்ஏஸ் 3 சேர்த்தது. அது இரட்டையிழை ஆர்என்ஏவை மட்டும் வெட்டும். ஆர்என்ஏஸ் எச்சில் மறைந்து, ஆர்என்ஏஸ் 3-இல் மறையாமல் இருந்தால் நீங்கள் பார்ப்பது கலப்பு ஜோடி. ஆர்என்ஏஸ் எச் சேர்த்தும் மறையாமல், ஆர்என்ஏஸ் 3-இல் மறைந்தால் பார்ப்பது இரட்டையிழை ஆர்என்ஏ. சவ்வின் ஓரத்தில் செயற்கையாகச் செய்த குட்டிக் கலப்பு ஜோடி ஒன்றையும், குட்டி இரட்டையிழை ஆர்என்ஏ ஒன்றையும் வைத்துவிட்டால் அன்றைய ஆன்டிபாடியின் குணம் அன்றே தெரிந்துவிடும். ஒவ்வொரு புது பேட்ச் ஆன்டிபாடிக்கும் இதைச் செய்கிறேன். கடைசியில், இரட்டையிழை டிஎன்ஏவைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் எல்லாப் பொட்டிலும் ஒரே அளவு டிஎன்ஏ இருக்கிறதா என்று பாருங்கள்.

நுண்ணோக்கிப் படத்தில் நான் இழந்த மூன்று மாதம்

இந்தப் பகுதியைத்தான் எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். ஆராய்ச்சியில் சேர்ந்த இரண்டாம் வருடம், செல்களைக் கண்ணாடித் தகட்டில் வளர்த்து எஸ்9.6 போட்டுப் படம் எடுத்தேன். என் மரபணுவை முடக்கிய செல்களில் சிவப்பு ஜொலித்தது. நியூக்ளியோலஸில் அடர்த்தியாக, கருவைச் சுற்றி சைட்டோபிளாசத்திலும் நிறைய. நூற்றுக்கணக்கான செல்களை அளந்தேன், வித்தியாசம் தெளிவாக இருந்தது. ஒரு கூட்டத்தில் சுவரொட்டியாகவும் வைத்தேன். அங்கே மூத்த ஆராய்ச்சியாளர் ஒருவர் அமைதியாகப் பார்த்துவிட்டு, "சைட்டோபிளாசத்தில் இத்தனை டிஎன்ஏ எங்கிருந்து வந்தது?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வந்து தகட்டின் மேலேயே ஆர்என்ஏஸ் எச் போட்டேன். சிவப்பு அப்படியே இருந்தது. ஆர்என்ஏஸ் 3 போட்டேன், முக்கால்வாசி அணைந்தது. மூன்று மாதமாக நான் அளந்தது பெரும்பாலும் ரைபோசோம் ஆர்என்ஏவை. என் மரபணுவை முடக்கியதில் செல்லின் ஆர்என்ஏ அளவு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த முடிவைச் சொன்னபோது என்னை வழிநடத்தியவர் கோபப்படவில்லை. இதை ஆய்வுக்கூட்டத்தில் எல்லாருக்கும் காட்டு என்றார். காட்டினேன். 2021-இல் இதே சிக்கலை விரிவாகக் காட்டும் ஆய்வு ஒன்று வெளிவந்தது: எஸ்9.6 படங்களில் தெரியும் ஒளியில் பெரும்பகுதி ஆர்என்ஏவிலிருந்தே வருகிறது என்று.

ஆகவே படம் எடுத்தே ஆக வேண்டும் என்றால், மெத்தனாலில் செல்களை நிலைப்படுத்திய பிறகு ஆர்என்ஏஸ் டி1, ஆர்என்ஏஸ் 3 இரண்டையும் எல்லாத் தகட்டுக்கும் போட்டுத் தேவையில்லாத ஆர்என்ஏவைக் களையுங்கள். அதற்குப் பிறகு பாதித் தகடுகளுக்கு ஆர்என்ஏஸ் எச். எச் போட்டதில் மிஞ்சுவது பின்னணி, அதைக் கழித்துவிட்டுத்தான் அளவிட வேண்டும். இதைவிட நல்ல வழி, வெட்டும் திறனை நீக்கி ஒளிரும் புரதத்தோடு இணைத்த ஆர்என்ஏஸ் எச்1-ஐச் சுத்திகரித்து, ஆன்டிபாடிக்குப் பதிலாக அதையே பயன்படுத்துவது. கலப்பு ஜோடியைப் பிடிக்கும், ஆனால் வெட்டாது. இப்போது எங்களிடம் புதிதாக வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் கற்றுத் தருகிறேன்.

எந்த இடத்தில் கூடியது

பொட்டு மொத்தக் கணக்கைத்தான் சொல்லும். இடம் தெரிய டிரிப் என்ற முறை: கலப்பு ஜோடி உள்ள டிஎன்ஏ துண்டுகளை எஸ்9.6 ஆன்டிபாடியால் பிடித்து இழுத்து, அவை எந்த இடத்துத் துண்டுகள் என்று பார்ப்பது. வெட்டிய டிஎன்ஏ 4.4 மைக்ரோகிராம், எஸ்9.6 ஆன்டிபாடி 10 மைக்ரோகிராம், 4 டிகிரியில் ராத்திரி முழுக்கச் சுழற்சி. மறுநாள் ஆன்டிபாடியைப் பிடிக்கும் புரோட்டீன் ஏ/ஜி குட்டி உருண்டைகளோடு இரண்டு மணி நேரம், கழுவல், 55 டிகிரியில் புரோட்டினேஸ் கே போட்டு விடுவிப்பு, பிறகு ஒரு குறிப்பிட்ட டிஎன்ஏ பகுதி எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் க்யூபிசிஆர். ஆர்-லூப் நிச்சயம் இருக்கும் இடங்களாக ஆர்பிஎல்13ஏ, கால்ம்3 மரபணுக்களையும், இருக்கக் கூடாத இடமாக ஈஜிஆர்1-க்குக் கீழே உள்ள பகுதியையும் எப்போதும் சேர்ப்பேன். இந்த மூன்றும் ஒழுங்காக வராத நாளில் மற்ற எண்களைப் பார்ப்பதே இல்லை.

பிரைமர் தேர்வில் ஒரு சின்ன எச்சரிக்கை. இரண்டு பிரைமர்களுக்கும் நடுவில் மேலே சொன்ன ஐந்து நொதிகளில் ஏதாவது ஒன்றின் வெட்டுமிடம் வந்தால் க்யூபிசிஆரில் ஒன்றும் வராது. வரிசையைக் கணினியில் போட்டுத் தேடிவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

உடைந்ததா

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் நல்ல முறைகள் நிறைய இருக்கின்றன. காமா-எச்2ஏஎக்ஸ், 53பிபி1 இரண்டும் டிஎன்ஏ உடைந்த இடத்தில் குவியும் புரத அடையாளங்கள், நுண்ணோக்கியில் புள்ளிகளாகத் தெரியும். இரண்டின் புள்ளிகளும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள். கரு முழுதும் ஒரே சீராக ஒளிரும் செல் பெரும்பாலும் செத்துக்கொண்டிருக்கும் செல், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. காமெட் சோதனை (ஒவ்வொரு செல்லின் டிஎன்ஏவையும் ஜெல்லில் ஓட்டி, உடைந்தது வால் போல நீள்கிறதா என்று பார்ப்பது) செய்தால் எந்தப் பஃபரில் செய்தீர்கள் என்று குறித்துவையுங்கள்: காரக் கரைசலில் ஒற்றையிழை உடைவும் சேர்ந்து தெரியும், நடுநிலைக் கரைசலில் தெரிவது பெரும்பாலும் இரட்டையிழை உடைவு. கவையின் வேகத்துக்கு டிஎன்ஏ ஃபைபர்: புதிதாக உருவாகும் டிஎன்ஏவில் போய்ச் சேரும் சிஎல்டியு, ஐடியு என்ற அடையாளப் பொருள்கள் இரண்டும் அடுத்தடுத்து 20 நிமிடம், பிறகு தகட்டில் இழுத்து நீட்டி நிறம் பார்ப்பது. ஒரு மைக்ரோமீட்டர் என்பது சுமார் 2.59 ஆயிரம் எழுத்து ஜோடி. யார் அளந்தாலும், எந்தத் தகடு எது என்று தெரியாமல் அளக்க வேண்டும். லேபிளை இன்னொருவர் மறைத்துக் கொடுக்கட்டும்.

கேம்ப்டோதெசின் பற்றி ஒரு வார்த்தை. ஆர்-லூப்பைக் கூட்டிக் காட்ட அந்த மருந்தைப் போடுவார்கள், கூட்டவும் செய்யும். ஆனால் அது டோபோஐசோமரேஸ் 1-ஐ டிஎன்ஏவிலேயே சிக்கவைக்கிற மருந்து. ஆர்-லூப்பே இல்லாவிட்டாலும் அதனால் உடைவு வரும். கலப்பு ஜோடியை அளக்கும் சோதனைக்கு அது நல்ல ஒப்பீடு, உடைவுக்கான காரணத்தைத் தேடும் சோதனைக்கு உதவாது.

அதனால்தான் உடைந்ததா

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். எனக்கு மிகவும் அக்கறையான இடமும் இதுதான்.

முதல் சோதனை மீட்பு. ஆர்என்ஏஸ் எச்1-ஐ செல்லுக்குள் அதிகமாக உற்பத்தி செய்யவிட்டால் ஆர்-லூப் குறையும். ஆர்-லூப்தான் காரணமென்றால் உடைவும் குறைய வேண்டும். இந்தப் புரதத்தின் முதல் 26 அமினோ அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகும் முகவரி, அதை நீக்கிவிட்டு 27-ஆவது மெத்தியோனினில் தொடங்கும் வடிவத்தை எடுங்கள். அப்போதுதான் கருவுக்குப் போகும். டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் மட்டும் உற்பத்தியாகும்படி அமைத்துக்கொண்டால், ஒரே செல் வகையில் கொடுத்ததையும் கொடுக்காததையும் ஒப்பிடலாம்.

இதோடு இரண்டு பழுதான வடிவங்களும் வேண்டும். ஒன்று டி210என்: கலப்பு ஜோடியைப் பிடிக்கும், வெட்டாது. இன்னொன்று பிடிக்கவும் வெட்டவும் முடியாத நான்கு மாற்றங்கள் கொண்ட வடிவம். சரியான புரதம் மட்டும் உடைவைக் குறைத்து, பழுதானவை குறைக்காமல் இருந்தால் உங்கள் வாதத்துக்கு நல்ல பலம். மூன்றுமே குறைத்தால், புரதத்தை அளவுக்கு மீறி உற்பத்தி செய்ததன் பக்க விளைவாகவே அது இருக்கலாம்.

இரண்டாவது, படியெடுத்தலை நிறுத்திப் பார்ப்பது. அதை நிறுத்தும் டிஆர்பி மருந்து 100 மைக்ரோமோலார், ஒன்றிரண்டு மணி நேரம். பெரும்பாலான ஆர்-லூப் நிமிடக் கணக்கில் உருவாகிக் கலைகிறது, அதனால் சீக்கிரமே குறையும். நீண்ட நேரம் விட்டால் செல்லே தள்ளாடத் தொடங்கும், அப்போது வரும் முடிவுக்கு அர்த்தமில்லை.

மூன்றாவது, இரட்டிப்பு. புது டிஎன்ஏவில் சேரும் எடியு என்ற அடையாளப் பொருளை 10 மைக்ரோமோலார் 20 நிமிடம் கொடுத்து, எஸ் கட்டத்தில் (டிஎன்ஏ இரட்டிக்கும் கட்டத்தில்) இருக்கும் செல்களையும் இல்லாத செல்களையும் பிரித்துப் புள்ளிகளை எண்ணுங்கள். மோதலால் வரும் உடைவு எடியு பிடித்த செல்களில் குவியும். இதை எண்ணும்போதே இன்னொன்றும் தெரியும்: உங்கள் மரபணுவை முடக்கியதில் எஸ் கட்டத்தில் இருக்கும் செல்களின் விகிதமே மாறிவிட்டதா என்று. மாறியிருந்தால், மொத்தச் சராசரியை வைத்து நீங்கள் முன்பு சொன்ன எதையும் மறுபடி கணக்கிட வேண்டும். எனக்கு இரண்டு முறை இப்படி நடந்திருக்கிறது.

நான்காவது, வரிசை. எது முன்னால், எது பின்னால்? உடைந்த டிஎன்ஏவின் முனைகளிலும் ஆர்என்ஏ–டிஎன்ஏ கலப்பு ஜோடி உருவாகும். பிளவு ஈஸ்டில் 2016-இல் காட்டினார்கள்: உடைவுக்குப் பின் அங்கே தற்காலிகமாகக் கலப்பு ஜோடி வருகிறது, பழுதுபார்ப்பு சரியாக நடக்க அது வந்து பிறகு போகவும் வேண்டும். அப்படியானால் உடைந்த செல்லில் கலப்பு ஜோடி கூடுதலாக இருப்பது உடைவின் விளைவாகவும் இருக்கலாமே. ஒரே ஒரு நேரத்தில், 48-ஆவது மணியில் மட்டும் அளந்தால் இதைப் பிரித்தறிய வழியே இல்லை.

அதனால் நேர வரிசை போடுங்கள். முடக்குவதற்கு எஸ்ஐஆர்என்ஏவை (மரபணுவின் ஆர்என்ஏவை அழிக்கவைக்கும் குட்டி ஆர்என்ஏவை) நம்பினால் புரதம் மெதுவாகக் குறையும், மணிக்கணக்கு குழம்பிவிடும். ஆக்ஸின் கொடுத்தால் ஒரு புரதம் விரைவாகச் சிதையும்படி அமைத்த செல் வகை கிடைத்தால் அதை எடுங்கள். 0, 2, 4, 6, 12, 24 மணி. ஒவ்வொரு நேரத்திலும் ஒரு தட்டு டாட் பிளாட்டுக்கு (சவ்வில் வைக்கும் அந்தப் பொட்டுச் சோதனைக்கு), ஒரு தட்டு டிரிப்புக்கு, ஒரு தகடு காமா-எச்2ஏஎக்ஸுக்கு. ஒரே நாளில் எல்லாம் முடியாது, ஆட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சென்ற வருடம் எங்கள் மாணவி ஒருவர் ஒரு பழுதுபார்ப்புப் புரதத்துக்கு இதைச் செய்தார். ஒன்றரை வருடமாக ஆர்-லூப்தான் காரணம் என்று நாங்கள் நம்பியிருந்த புரதம் அது. 4-ஆவது மணியில் புள்ளிகள் ஏறியிருந்தன. கலப்பு ஜோடி 12-ஆவது மணிவரை அசையவே இல்லை. இரண்டு முறை திரும்பச் செய்தோம், அதே வரிசை. ஆர்என்ஏஸ் எச்1 மீட்பையும் பார்த்தோம்: கலப்பு ஜோடி குறைந்தது, உடைவு குறையவில்லை. இப்போது அவருடைய நோட்டில் மூன்றாம் பக்கத்தின் தலைப்பு மாறியிருக்கிறது. 4-ஆவது மணிக்கு முன்னால் கவைக்கு என்ன ஆகிறது என்று ஃபைபர் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.